காரைக்குடிப் பக்கம் குறைந்த செலவில் மனநல ஆலோசனை கிடைக்குமா?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலை, மாதச் சம்பளம் 11,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் அம்மா தவறிவிட்டார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது, விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, கடையில் வாடிக்கையாளர் சொன்ன நிறம் அடுத்த நிமிடம் மறந்துபோகிறது, சில நாள் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. தனியாரிடம் விசாரித்ததில் ஒரு முறை பேச 1,000 ரூபாய், வாரம் ஒரு முறை வர வேண்டும் என்றார்களாம். "தொண்டு நிறுவனம் ஏதாவது மூலமாகக் குறைந்த செலவில் கவுன்சலிங் கிடைக்குமா? மாத்திரை வேண்டாம், பேசினால் போதும். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், ஊருக்குத் தெரியக்கூடாது" என்பது அவர் கேள்வி. கடைக்கு லீவு எப்படிக் கேட்பது என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

அம்மாவை இழந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த நிலையிலும் தனக்கு உதவி வேண்டும் என்று புரிந்துகொண்டு, விலை விசாரித்து, இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பணத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், மாத்திரை பற்றிய பயமும் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்ற பயமும் அதே அளவுக்கு எழுத்தில் தெரிகின்றன. அதனால் மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பல வருடம் மனநல சமூகப் பணியாளராக வேலை பார்த்தவன். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று எழுத்தை வைத்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. எந்தக் கதவைத் தட்டுவது, உள்ளே போனதும் என்ன கேட்பது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் விஷயம். நம் பக்கத்தில் செலவே இல்லாத பெரிய சேவை, தொண்டு நிறுவனங்களை விட அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறது. அதன் பெயர் மாவட்ட மனநலத் திட்டம். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மனநோய் மருத்துவம் பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய்ச் சேர வேண்டும் என்று கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் முயன்று பார்த்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு ஒன்று மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையில் இருக்கும். தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் அந்தக் குழு வந்து பார்க்கும். ஓ.பி. சீட்டு, பரிசோதனை, ஆலோசனை, மாத்திரை எதற்கும் காசு கிடையாது.

உங்களுக்குப் பக்கத்தில் காரைக்குடி அரசு மருத்துவமனையும் தேவகோட்டை அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடக்கே புதுக்கோட்டையில் 2017 முதல் ஒன்று இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு கட்டாயம் இருக்கும். தாலுகா மருத்துவமனையில் மனநல ஓ.பி. எந்தக் கிழமை என்பது மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு கிழமையை எழுதினால் அது உங்களை வீணாக அலைய வைக்கும். அரசு சுகாதார உதவி எண்ணான 104ஐ அழைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் "மனநல டாக்டர் என்னிக்கு வர்றாங்க?" என்று கேளுங்கள். உங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வீட்டு ஆட்களுக்காகக் கேட்கும் கேள்விதான் அது.

அங்கே போனால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டம் இருக்கும். பழைய நோயாளிகள் மாத மாத்திரைக்காக வரிசையில் நிற்பார்கள். மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் பத்து நிமிடமாக இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். முதல் தடவை போகும் பலர் "என்ன சாப்பிடுறீங்க, தூக்கம் வருதான்னு கேட்டாங்க, மாத்திரை எழுதினாங்க, அவ்வளவுதான்" என்று மனம் விட்டுப்போய்த் திரும்பி வருகிறார்கள், இரண்டாவது தடவை போவதில்லை. இத்தனை வருடத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இதுதான். ஏனென்றால் உட்கார்ந்து பேசுகிற வேலை பெரும்பாலும் அந்த டாக்டர் அறையில் நடப்பதில்லை. அடுத்த அறையில் இருக்கும் உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோதான் நடக்கிறது. கேட்காவிட்டால் அங்கே அனுப்பாமலே போகலாம். ஆகவே மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "அம்மா இறந்ததிலிருந்து இப்படி இருக்கேன். எனக்கு உக்காந்து பேசணும். சைக்காலஜிஸ்ட் எந்த நாள் பார்ப்பாங்க?" அங்கே நோயாளிகள் கூட்டம் குறைந்த நாள் எது, எத்தனை மணிக்கு வந்தால் நிதானமாகப் பேசலாம் என்பதை அவரிடமே கேட்டு ஓ.பி. சீட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவையாவது போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

நேரில் போவதற்கு முன்பே இன்றைக்கு இரவே பேசலாம் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி டெலி மனஸ் என்ற பெயரில் தொடங்கிய தொலைபேசி சேவை இது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இணைப்பார், உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்றும் சொல்வார். மூன்று மணிக்கு முழிப்பு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் நேரம் இருக்கிறதே, அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சேவை நம் பக்கத்தில் வேறு இல்லை. இதன் குறை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் அதே ஆள் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மாதக் கணக்கில் ஒருவரோடேயே தொடர்ந்து பேச வேண்டிய வேலைக்கு நேரில் போவதுதான் சரி.

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். செத்துப்போகலாம் என்றோ, அம்மாவிடமே போய்விடலாம் என்றோ நினைப்பு வருகிறதா? வருகிறது என்றால் நீங்கள் கெட்டவரும் இல்லை, கோழையும் இல்லை. மனச்சோர்வில் இருக்கும் நிறையப் பேருக்கு அப்படி நினைப்பு வரும். ஆனால் அதோடு தனியாக இருக்காதீர்கள், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். 14416ஐ உடனே அழையுங்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044 24640050. நினைப்பு திட்டமாக மாறுகிறது என்று தோன்றினால் நேரத்தைப் பார்க்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி உடன் அழைத்துப் போங்கள். 108 ஆம்புலன்சும் வரும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்கிறது.

சரி, இப்போது தொண்டு நிறுவனங்கள். நம் பக்கத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெயர்பெற்றது மதுரையில் உள்ள எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை. 1992இல் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கியது. கடுமையான மனநோய் உள்ளவர்களின் மறுவாழ்வுதான் அவர்களின் முக்கிய வேலை, ஆலோசனையும் பயிற்சியும் உண்டு. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே ஆலோசனை அறையாக்கி அனுப்பியது. கிராமத்து நோயாளி பஸ்ஸில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மருத்துவரோடு காணொளியில் பேசி, அங்கேயே மருந்தும் வாங்கிக்கொண்டு போனார். சென்னைக்கு வர முடியாதவர்களிடம் சென்னையைக் கொண்டுபோன முயற்சி அது. இந்த இரண்டு அமைப்புகளும் மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்களில் ஊறியவை. உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு, உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருப்பவர்களுக்கு மதுரை வரை வாராவாரம் போய்வருவது கட்டாது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஒரு தடவை போய் விரிவாகக் காட்டிவிட்டு, தொடர்ச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மதுரை சரி.

இவை தவிர, கிறிஸ்தவ மறைமாவட்டங்கள் நடத்தும் சமூக சேவைச் சங்கங்கள், சமூகப்பணி அல்லது உளவியல் துறை உள்ள கல்லூரிகள், பெண்களுக்கான அமைப்புகள் ஆகியவற்றில் இலவசமாகவோ நன்கொடையாகவோ ஆலோசனை தருபவர்கள் இருப்பார்கள். மதம் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பிய சங்கத்தை நான் பார்த்ததில்லை. எந்த நிறுவனமானாலும் போனில் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பேசப்போகிறவர் என்ன படித்திருக்கிறார்? வாரம் ஒரு முறை அதே ஆளைப் பார்க்க முடியுமா? தனி அறை உண்டா? வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறைப்பீர்களா? நிதி முடிந்ததும் திட்டமும் நின்றுபோவது நிறுவனங்களில் சகஜம் என்பதால், இந்தச் சேவை இன்னும் எத்தனை மாதம் நடக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கோபப்படாது. பதில் சொல்லாமல் மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

உங்களுக்கில்லை, இதைப் படிக்கும் வேறு சிலருக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இரண்டு தெரு நீளத்துக்கு இருக்கும் வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! முதியோர் உதவி எண் 14567ஐ அவர்கள் போனில் பெரிய எழுத்தில் பதிந்து கொடுங்கள். குடிப்பவரின் வீட்டார், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது, குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமும் உண்டு.

"கவுன்சலிங்" என்று பலகை மாட்டியவர்களைப் பற்றி. உளவியல் சிகிச்சையில் முறையான மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்திருக்க வேண்டும், மாத்திரை எழுதும் உரிமை அவருக்குத்தான், உளவியலாளருக்குக் கிடையாது. ஆனால் வெறும் கவுன்சலர் என்ற பெயரை இத்தனை நாளும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிந்தது. இரண்டு வருடம் முழுநேரம் படித்தவரும் ஒரு வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பலகையை மாட்டியிருப்பார்கள். உங்களிடம் 1,000 ரூபாய் கேட்டவர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, தவறாகவும் சொல்லவில்லை. தகுதி உள்ளவருக்கு அது நியாயமான கட்டணம்தான். கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அதற்காகப் பெரிய பட்டம் இருந்தால்தான் பலன் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆறிலிருந்து எட்டு தடவை வரை பேச வைத்தார்கள். மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்த அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் அதிகம் தேறினார்கள். அங்கே பலன் கொடுத்தது இரண்டு: ஆலோசகர்களுக்கு முறையான பயிற்சி, அவர்களை மேலிருந்து ஒருவர் தொடர்ந்து கண்காணித்தது. எனவே தொண்டு நிறுவனத்தில் உங்களோடு பேசுபவர் பெரிய படிப்பு படிக்காதவராக இருந்தாலும், அவருக்கு மேலே கேட்டுச் சொல்ல ஒரு உளவியலாளரோ மருத்துவரோ இருந்தால் நம்பிப் போகலாம். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. வருடக்கணக்கில் வாராவாரம் பேசினால்தான் தீரும் என்பதில்லை. மிதமான மனச்சோர்வில் ஆறு, எட்டு தடவை ஒழுங்காகப் போனாலே வித்தியாசம் தெரியும். ஒருவேளை தனியாரிடம்தான் போவேன் என்று முடிவெடுத்தாலும், "என்னால் இவ்வளவுதான் முடியும், எட்டு தடவைக்குள் என்ன செய்யலாம்?" என்று கேட்டு ஆரம்பிக்கலாம். கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வர ஒத்துக்கொண்டவர்களும் உண்டு.

மாத்திரை வேண்டாம் என்றீர்கள். இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். பெற்ற தாய் போனால் அழுகையும் தூக்கமின்மையும் வருவது நோய் இல்லை, அதற்கு மாத்திரையும் தேவையில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் தணியாமல் அன்றாட வேலையையே முடக்கிப்போட்டால் அதைக் கவனிக்க வேண்டிய நிலையாகச் சொல்கிறது. நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் வெறுமையாக இருப்பது, எதிலும் பிடிப்பில்லாதது, விடிகாலை முழிப்பு, மறதி எல்லாம் சேர்ந்தால் மருத்துவர்கள் மனச்சோர்வையும் யோசிப்பார்கள். உங்களுக்கு இருப்பது துக்கமா, மனச்சோர்வா, இரண்டும் கலந்ததா என்பதுதான் சந்தேகம். அதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். லேசாக இருந்தால் பேசுவது மட்டுமே போதும். கடுமையாக இருந்தால் பேச்சும் மாத்திரையும் சேர்ந்துதான் கேட்கும்.

மாத்திரையிலும் இரண்டு வகையை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், தலைவலி வரலாம். நாலு நாள் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். தூக்க மாத்திரை வேறு வகை. அதில் சிலவற்றை நீண்ட நாள் போட்டால் விட முடியாமல் போகும், சில நாளுக்கு மட்டும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது. எந்த வகையானாலும் நிறுத்துவது மருத்துவர் சொல்லித்தான். எழுதிக் கொடுத்ததும் "இது எந்த வகை, எத்தனை மாதம், குழந்தை பெற நினைத்தால் என்ன செய்வது?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அப்புறம், முதல் தடவை போகும்போதே ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சோர்வும் மறதியும் அதனாலும் வரும். மனதுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ரத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பலன் பாதிதான்.

இனி ஊர்க் கண். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். வரன் பேசும் நேரத்தில் ஒரு வார்த்தை எத்தனை வீட்டுக்குப் போகும் என்பது எனக்கும் தெரியும். சட்டப்படி உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது சிகிச்சை தருபவர்களின் கடமை. 2017ஆம் ஆண்டு சட்டத்தின் 23ஆம் பிரிவு அது. மருத்துவமனை உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ போன் போட்டுச் சொல்லாது. வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் பார்த்துவிட்டால்தான் சட்டம் உதவாது. அதற்கு வழி, சொந்த தாலுகா மருத்துவமனைக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான். தேவகோட்டைக்காரர்கள் காரைக்குடிக்கும், காரைக்குடிக்காரர்கள் புதுக்கோட்டைக்கும், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தவர்கள் வேறு ஊருக்கும் போய்க் காட்டுவது எத்தனையோ வருடமாக நடப்பதுதான். எங்கே போனாலும் ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போங்கள், சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது போகும் தூரத்தில் உள்ள மருத்துவமனை என்றால் பயணச் செலவும் மிச்சம். திருமணம் பற்றி என் எண்ணம் இது: எட்டு தடவை பேசித் தேறிவிட்ட துக்கத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாத்திரை நீண்ட நாள் தொடரும் நிலை வந்தால் கட்டிக்கொள்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மறைத்து வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு பயத்தில் மாத்திரையை நிறுத்தி, நோய் திரும்பி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

வீட்டில் விஷயம் தெரிந்தால் "காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுக்கிட்டு வரலாம்" என்று கிளம்பக்கூடும். குன்றக்குடிக்கோ கொப்புடையம்மன் கோயிலுக்கோ போய் வருவதால் மனம் லேசாகிறது என்றால் தாராளமாகப் போங்கள், அது சிகிச்சைக்கு எதிரி இல்லை. ஆனால் கோயில், தர்கா பக்கத்தில் "தங்க வைத்துச் சரியாக்குகிறோம்" என்று சொல்லும் பதிவில்லாத விடுதிகளுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அப்படி ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். இன்றைய சட்டத்தில் மனநலக் காப்பகம் எதுவானாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது.

கடைசியாக லீவு. அதற்கு முன் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 11,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 83 ரூபாய் வரும். அது பிடிக்கப்பட்டால் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகவும் மனநல சிகிச்சைக்குப் போகலாம், மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். கடையில் பத்துப் பேருக்கு மேல் வேலை பார்த்தும் பிடித்தம் இல்லை என்றால் அதை ஒரு நாள் நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கும், இப்போது அது அவசரமில்லை. லீவுக்கு "ஆஸ்பத்திரிக்குப் போகணும், தூக்கமே வரலை" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஓ.பி. காலையில்தான் நடக்கும். சீக்கிரம் சீட்டு வாங்கினால் மதியத்துக்குள் கடைக்கு வந்துவிடலாம், அரை நாள் லீவு கேளுங்கள். பண்டிகைக் கூட்டம் தொடங்கிவிட்டால் முதலாளி அரை நாள்கூட விட மாட்டார், அதனால் அதற்கு முன்பே முதல் தடவை போய்விடுங்கள். போகும்போது தூக்கம் எப்போது கெட்டது, என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன மாத்திரை ஏற்கனவே எடுத்தீர்கள், மாதவிடாய் ஒழுங்கா, அம்மா எப்போது தவறினார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் அழுகை வந்து பேச முடியாமல் போனால் தாளை நீட்டிவிடலாம். போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளில் புரியாதது இருந்தால் விளக்குகிறேன்.